ஏர்கோன் அறையும் ரேடானும்: சுங்கை சிப்புட் வீடுகளில் எப்படி அளப்பது?

கிந்தாமணல்

ரேடான் மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் சேரும் கதிரியக்க வாயு, நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் தரும். அதைப் பற்றி இணையத்தில் கிடைக்கிற கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீட்டுக்காக எழுதியவை. நிலவறை, கணப்பு, பனிக்காலம் முழுக்கச் சாத்திய ஜன்னல் என்று போகும். நம் ஊரில் அப்படி ஒரு வீடே கிடையாது. ஆனால் "நமக்கு அது வராது" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட், கம்பார், பீடோர் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருப்பவர்கள் எதை, எந்த அறையில், எத்தனை நாள் அளக்க வேண்டும் என்று இங்கே எழுதி வைப்போம். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

முதலில் மண். தீத்திவாங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் மற்ற பல பாறைகளைவிட அதிகம். யுரேனியம் 238 சிதைந்து ரேடியம் 226 ஆகி, அதிலிருந்து வருவது ரேடான் 222. நிறமில்லை, வாசமில்லை, அரை ஆயுள் 3.8 நாள். மண்ணின் இடுக்குகள் வழியே மேலே வந்து வீட்டுக்குள் நுழைய அந்த அவகாசம் தாராளம். கிந்தா பள்ளத்தாக்கில் இன்னொன்றும் சேர்கிறது: ஈயம் (வெள்ளீயம்) கழுவிய பிறகு மிஞ்சிய மணல். பழைய ஈயக்குட்டைகளை அந்த மணலால் தூர்த்து அதன்மேல் எழுந்த தாமான்கள் பல. ஈயத்தைப் பிரித்தபின் ஒதுங்கும் கனமான அமாங்கில் மோனசைட்டும் சிர்க்கோனும் இருக்கும். கதிரியக்கம் அங்கேதான் குவிகிறது. கழுவிய மணலில் அது குறைவு. ஆனால் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் வரைபடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கத்து வீட்டு அளவும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

அடுத்தது வீடு. தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு) பலகை வீடாக, காலின்மேல் நின்றிருந்தால் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று ஓடும். கூரை ஓரத்தில் இடைவெளி, நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகள் அடுக்கியது), பலகைச் சந்து என்று எல்லாப் பக்கமும் திறப்பு. அங்கே ரேடான் தங்காது. தாமான் டெரஸ் வீடு அப்படியல்ல. சிமெண்டுத் தரை நேராக மண்ணின்மேல் படுத்திருக்கிறது. ஏர்கோன் மாட்டும்போது ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுத்துளைக் கல்லையும் பலகை வைத்து அடைத்துவிடுகிறோம். சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதே இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது.

கணக்கு இதுதான். மண்ணிலிருந்து நுழையும் அளவு மாறாமல், அறையின் காற்று மாற்றம் மணிக்கு 3 தடவையிலிருந்து 0.3 தடவையாகக் குறைந்தால், வெளிக்காற்றுக்கு மேலாக உள்ளே சேரும் ரேடான் 10 மடங்காகும். உடனே ஆகாது. 0.3 என்ற வேகத்தில், கதவைச் சாத்தி 8 மணி நேரத்தில் உச்சத்தின் 91 விழுக்காட்டை எட்டும். அதாவது இரவு 10 மணிக்குச் சாத்தினால், காலை 6 மணிக்கு உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம். பிள்ளைகள் அந்தக் காற்றைத்தான் இரவு முழுக்கச் சுவாசிக்கிறார்கள். ஆகவே அளக்க வேண்டியது வீட்டை அல்ல, கீழ்மாடியில் ஏர்கோன் போட்டுத் தூங்குகிற அறையை.

அளவி77

அண்ணே சொன்னதோடு எண்களையும் வைத்துவிடுகிறேன், பிறகு பேச வசதியாக இருக்கும்.

அலகு பெக்கரல். ஒரு கனமீட்டருக்கு 100 பெக்கரல் என்றால் அந்தக் கனமீட்டரில் நொடிக்கு 100 ரேடான் அணுக்கள் சிதைகின்றன. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 2.8 மீட்டர் உயரம் என்றால் 33.6 கனமீட்டர், நொடிக்கு 3,360 சிதைவு. அமெரிக்கக் கருவி லிட்டருக்கு இத்தனை பிகோகியூரி என்று காட்டினால் 37-ஆல் பெருக்குங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன மேற்கோள் அளவு 100. அதை எட்ட முடியாத நாடுகள் 300-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் 4 பிகோகியூரி என்பது 148 பெக்கரல். வீடுகளின் உலகச் சராசரி 40-ஐ ஒட்டி இருக்கும்.

ரேடான் நுரையீரல் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. நீண்டகாலச் சராசரி 100 பெக்கரல் கூடினால் ஆபத்து சுமார் 16 விழுக்காடு கூடுகிறது. வாயு உள்ளே போய் வெளியே வந்துவிடும். தங்கிச் சுடுவது அதன் வாரிசுகளான பொலோனியம் 218, பொலோனியம் 214. வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் கணக்கே வேறு. ரேடானால் புகைப்பவருக்கு வரும் ஆபத்து புகைக்காதவரைப் போல 25 மடங்கு என்று மதிப்பிடுகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலைவலி, இருமல், பிள்ளைக்கு மூச்சிரைப்பு, இவை எதுவும் ரேடானின் அறிகுறி அல்ல. அறிகுறியே கிடையாது. அளப்பது ஒன்றுதான் வழி.

லோரோங்3

அண்ணே, அக்கா, ஒரு சந்தேகம். இணையக் கடையில் கரித்தூள் டப்பா விலை குறைவாகக் கிடைக்கிறது. 3 நாள் திறந்து வைத்து, மூடி, வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். அது போதுமா?

அளவி77

வேண்டாம் தம்பி. இரண்டு காரணம். கரி ஈரத்தையும் சேர்த்துக் குடிக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் இரவில் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஈரம் ஏறிய கரி ரேடானைப் பிடிப்பது குறையும். ஆய்வுக்கூடம் எடையை வைத்துத் திருத்தம் போட்டாலும் அதற்கும் எல்லை உண்டு. இரண்டாவது தபால். டப்பாவுக்குள் பிடிபட்ட ரேடான் 3.8 நாளில் பாதியாகும், 7.6 நாளில் கால்வாசி. சுங்கை சிப்புட்டில் போட்ட பார்சல் கடல் தாண்டிப் போய்ச் சேர 2 வாரமானால் மிஞ்சுவது 8 விழுக்காடுகூட இல்லை. அதை வைத்து வரும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

உங்களுக்கு ஏற்றது ஆல்பாத் தடம் பதிக்கும் பிளாஸ்டிக் வில்லை, சிஆர்-39. ஒரு சின்ன மூடிய கிண்ணத்துக்குள் விரல் நகமளவு பிளாஸ்டிக். ரேடான் சிதையும்போது தெறிக்கும் ஆல்பாத் துகள் அதில் மோதிக் கண்ணுக்குத் தெரியாத வடு போடும். பிறகு சுடவைத்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்து, நுண்ணோக்கியில் வடுக்களை எண்ணுவார்கள். ஈரத்தால் கெடாது, மின்சாரம் வேண்டாம், வடு அழியாது என்பதால் தபால் தாமதமும் பிரச்சினை இல்லை. 3 மாதத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். ஒரு வருடம் வைத்தால் இன்னும் நல்லது.

பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை, யுகேஎம் பல்கலைக்கழகம், பாங்கியில் உள்ள அரசு அணுசக்தி முகமையான அகென்சி நுக்லியர் மலேசியா என மூன்று இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். தனியார் வீட்டு மாதிரியை வாங்கிக்கொள்வார்களா, வில்லையை அவர்களே தருவார்களா, எத்தனை நாளில் அறிக்கை என்பதை முதலில் பேசிவிட்டு வாங்குங்கள்.

வில்லை வைக்கும்போது நடக்கிற தவறுகள்:

- அலுமினியப் பையை முன்கூட்டியே பிரித்து வைப்பது. பிரித்த நிமிடத்திலிருந்து அது பதிவு செய்கிறது. பிரித்த தேதி, நேரம், அறை, வரிசை எண் எல்லாவற்றையும் அப்போதே எழுதுங்கள்.
- சாமி மேடை, சமையலறை, குளியலறை. மூன்றும் வேண்டாம். புகை, எண்ணெய்ப் பசை, நீராவி.
- ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் இடம், மின்விசிறிக்கு நேர் கீழே.
- தரையில் வைப்பது. குறைந்தது 50 சென்டிமீட்டர் உயரம். கட்டிலில் படுத்தால் மூக்கு இருக்கும் உயரம் சரியானது.
- வெளிச்சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர், ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் 90 சென்டிமீட்டர் தள்ளி.

ஒரே அறையில் 2 வில்லைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்றைப் பையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்து, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பிரிக்காததில் பெரிய எண் வந்தால் வில்லையோ பயணமோ பழுது. இரண்டும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் அந்த அறிக்கையை வைத்துச் சுவரை இடிக்காதீர்கள்.

பால்மரநிழல்

வில்லை நல்லதுதான், ஆனால் கிந்தாமணல் சொன்ன இரவுப் பிரச்சினையை அது மறைத்துவிடும். 24 மணி நேரத்தையும் கூட்டிச் சராசரி தருவது அது. ஓர் அறையில் இரவு 10 மணி நேரம் 200, பகலில் ஜன்னல் திறந்த 14 மணி நேரம் 20 என்று வையுங்கள். சராசரி 95. "100-க்குக் கீழே, நல்லது" என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவோம். ஆனால் அந்தப் பிள்ளை அந்த அறையில் இருந்ததே இரவில் மட்டும்தான். 200-ஐ 10-ஆல் பெருக்கினால் 2,000. 100 பெக்கரல் வீட்டில் ஆண்டுக்கு 7,000 மணி நேரம் இருப்பவருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் 1,900. ஆக, 95 என்று எழுதிய அறை உண்மையில் 100-ஐத் தாண்டிய அறை.

அதனால் மணிக்கொரு பதிவு தரும் மின்னணுக் கருவியும் வேண்டும். சந்தையில் இரண்டு வகை. ஏர்திங்ஸ் போன்றவற்றில் சிறிய அறைக்குள் ஒளியுணர் டயோடு ஆல்பாத் துகளை எண்ணும். எண்ணிக்கை மெதுவாகச் சேருவதால் ஒரு மாதச் சராசரி நம்பகமானது, ஓர் இரவின் வளைவு தெளிவாக இருக்காது. ரேடான்ஐ போன்றவை துடிப்பு அயனி அறை. எண்ணிக்கை அதிகம், இரவு ஏற்றத்தைக் காட்டும். எதுவானாலும் ஈரப்பத வரம்பு என்ன என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துக் கொதிக்கும் வரவேற்பறையில் வைத்தவுடன் உள்ளே ஈரம் கோத்து எண் தாறுமாறாகும். இடம் மாற்றினால் முதல் சில மணி நேரப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண்ணிக்கை விதியும் தெரிந்திருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் கருவி 10 தடவை எண்ணினால் பிழை சுமார் 3, அதாவது 30 விழுக்காடு. 100 எண்ணினால் 10 விழுக்காடு. "நேற்று 60, இன்று 85, ஏறிவிட்டது" என்ற பதற்றம் பல நேரம் வெறும் எண்ணிக்கை ஆட்டம். 7 இரவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

கிந்தாமணல்

சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். வில்லை 3 மாதம், அதே அறையில் ஒரு வாரம் மின்னணுக் கருவி. இரண்டும் வேண்டும்.

சிப்பிமலை

12 மணி நேரம் முன்பே வீட்டை மூடிவைத்து, அப்படியே 2 முதல் 4 நாள் வரை அளக்க வேண்டும் என்பது விதி. இங்கே யாரும் அதைச் சொல்லவில்லையே?

பால்மரநிழல்

அது குறுகிய காலச் சோதனையில் எல்லா வீட்டையும் ஒரே நிலையில் ஒப்பிட அமெரிக்காவில் வகுத்த விதி சார். குளிர்காலத்தில் அவர்கள் வீடு நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். நாம் பகலெல்லாம் வாசலைத் திறந்து வைக்கிறோம். 4 நாள் மூடி அளந்தால் வருவது யாரும் வாழாத வீட்டின் எண்.

ஆனால் ஒரு விதிவிலக்கு: புகைமூட்டக் காலம். சுமத்திராவிலிருந்து புகை வந்தால் வாரக் கணக்கில் பகலும் இரவும் எல்லாம் அடைப்பு. அந்த நாள்களுக்கு உங்கள் 4 நாள் மூடிய சோதனை பொருந்தும். அதையும் ஒரு தடவை செய்துவைப்பது நல்லது.

சிப்பிமலை

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மழையையும் சேருங்கள். நல்ல மழையில் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணின் இடுக்குகளில் நீர் நிரம்பும். மண்வாயுவுக்கு மேலே போக வழி அடைபடும். வீட்டுக்கு அடியில் மட்டும் மண் காய்ந்து கிடக்கும். மண்வாயு அந்தப் பக்கம் ஒதுங்கித் தரை விரிசல் வழியே ஏறும். பேராவில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். ஜூன், ஜூலையில் ஒரு வாரம் அளந்துவிட்டு முடித்தால் பாதிதான் தெரியும். வில்லையை செப்டம்பரில் பிரித்து டிசம்பரில் மூடுங்கள்.

எந்த அறையிலிருந்து தொடங்குவது என்று குழப்பம் இருந்தால் கரியமிலவாயு மீட்டர் உதவும். 2 பெரியவர்கள் தூங்கும் சின்ன அறையில் விடியற்காலை 3,000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 3,000 பங்கு) தொட்டால் அங்கே காற்று மாறவே இல்லை. அது ரேடானைச் சொல்லாது. வில்லையை முதலில் எங்கே வைப்பது என்று சொல்லும்.

ஈயக்குட்டை

யாரும் தோரானைத் தொடவில்லை. தோரியத்திலிருந்து வரும் ரேடான் 220, அரை ஆயுள் 56 நொடி. மோனசைட் என்றால் தோரியம்தான், ஆகவே அமாங் கலந்த மணலில் செங்கல் அறுத்திருந்தாலோ, பூச்சு வேலைக்கு அந்த மணல் போயிருந்தாலோ சுவரே தோரானைக் கக்கும். 56 நொடியில் பாதியாவதால் சுவரை விட்டு அரை மீட்டர் தள்ளினாலே பெரும்பாலும் காணாமல் போகும். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், காற்று வேகமாக உட்புகும் கிண்ணத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டும்போது. தோரானையும் ரேடானாக எண்ணிவிடும். அந்த 30 சென்டிமீட்டரை அலட்சியம் செய்யாதீர்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: மின்னணுக் கருவியை 3 இரவு அறை நடுவில், 3 இரவு அதே சுவரிலிருந்து 5 சென்டிமீட்டரில். சுவரோரம் மட்டும் மடங்கு கணக்கில் ஏறினால் தோரான் இருக்கலாம். அப்புறம் இரட்டைக் கிண்ண வில்லை கேட்டு வாங்க வேண்டும். ஒன்று இரண்டையும் பிடிக்கும், மற்றது தோரானைத் தடுக்கும். வித்தியாசம் தோரானுடையது. தலைமாட்டைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் போடுவது செலவில்லாத காரியம்.

லோரோங்3

சமையல்கட்டில் கருங்கல் மேடை போட்டிருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரும் உண்டு. இரண்டும் ஆபத்தா?

அளவி77

மேடையை விட்டுவிடுங்கள். அது மெருகிட்ட மெல்லிய பலகை, வாயு கசிவது மிகச் சொற்பம். வீட்டுக்கு அடியில் டன் கணக்கில் மண் இருக்கிறது. கிணறு ஆழ்துளையாக, கருங்கல் பாறைக்குள் இறங்கியிருந்தால் மட்டும் கவனியுங்கள். நீரிலுள்ள ரேடானில் 10,000-இல் ஒரு பங்கு வீட்டுக் காற்றில் சேரும் என்பது பொதுக் கணக்கு: லிட்டருக்கு 370 பெக்கரல் நீர், காற்றில் கனமீட்டருக்கு 37 கூட்டும். திறந்த தொட்டியில் மேலிருந்து விழவிட்டால் பெரும்பகுதி பறந்துவிடும். தொட்டி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

கிந்தாமணல்

எண் கூடுதலாக வந்தால் முதலில் வழிகளைத் தேடுங்கள். நம் டெரஸ் வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் பின்பக்கச் சமையலறை நீட்டிப்பு. பழைய தரையோடு ஒட்டிப் புதுத் தரை ஊற்றியிருப்பார்கள், அடியில் பைலிங் (நிலத்தில் ஆழமாக இறக்கும் தாங்குதூண்) இருக்காது. தூர்த்த மண் அமுங்க அமுங்கப் புதுத் தரை இறங்கி, சேரும் கோட்டில் நீளமாகப் பிளக்கும். மேலே டைல்ஸ் போட்டு மூடியிருந்தாலும் சுவரின் அடியில் கோடு தெரியும்.

இரண்டாவது, கரையான் மருந்துத் துளைகள். சுவரோரம் வரிசையாகத் தரையைத் துளைத்து மருந்து ஏற்றிவிட்டு, மேலே கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டு பூசிவிட்டுப் போவார்கள். அது சுருங்கி உதிர்ந்தால் ஒவ்வொன்றும் மண்ணுக்குத் திறந்த குழாய். பிறகு கழிவறைக் குழாயைச் சுற்றிய இடைவெளி.

அடைக்கும் முறை: விரிசலை 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டித் திறந்து, தூசியை உறிஞ்சி எடுத்து, நுரைக்கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் பசை. வெறும் சிமெண்டுக் குழம்பு அடுத்த அமுக்கத்தில் மறுபடி பிளக்கும். தூசி இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. ஹார்ட்வேர் கடையில் சிலிகோனை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடைப்பது மட்டும் பெரும்பாலும் போதாது. காற்று வேண்டும். 30 கனமீட்டர் அறையில் 0.3 என்றால் மணிக்கு 9 கனமீட்டர்தான் மாறுகிறது. 4 அங்குல விசிறி ஒன்று உண்மையில் 45 கனமீட்டர் தந்தால் காற்று மாற்றம் 1.5 ஆகும், சேரும் ரேடான் ஐந்தில் ஒரு பங்காகும். விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். குளியலறை விசிறியைப் போட்டு வெளியே இழுத்தால் அறை உறிஞ்சு நிலைக்குப் போய், மண்வாயுவையும் சேர்த்து இழுக்கக்கூடும்.

ஈயக்குட்டை

உள்ளே தள்ளும்போது ஈரமும் வரும். 20 பாகையில் குளிர்ந்த சுவரில் அந்தக் காற்று பட்டால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஒரு நோய்க்கு இன்னொன்று. ஏர்கோனை 25, 26-இல் வையுங்கள். விசிறியின் வாயைச் சுவரை நோக்காமல் அறை நடுவை நோக்கித் திருப்புங்கள். கொசுவலையும் கழற்றிக் கழுவும் வடிகட்டியும் அவசியம். வடிகட்டி அடைத்தால் 45 எல்லாம் 15 ஆகிவிடும். புகைமூட்டத்தில் நல்ல வடிகட்டி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

பால்மரநிழல்

300-ஐத் தாண்டினால் விசிறியோடு நிற்காமல் தரையடி உறிஞ்சலுக்குப் போக வேண்டும். தரையைத் துளைத்து, அடியில் 20 லிட்டர் அளவு மண்ணைத் தோண்டி எடுத்துக் குழி. கரையான் மருந்து ஊறிய மண், கையுறை போடுங்கள். 100 மில்லிமீட்டர் பிவிசி பைப்பைக் கூரைக்கு மேல் கொண்டுபோய், விசிறியை வீட்டுக்கு வெளியே மாட்டுங்கள். வாய் தரையிலிருந்தும் எந்த ஜன்னலிலிருந்தும் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. டெரஸ் வரிசையில் பக்கத்து வீட்டு ஜன்னலும் கணக்கு. கிடையாகப் போகும் பைப் குழியை நோக்கிச் சரிய வேண்டும், இல்லையென்றால் உள்ளே கோக்கும் நீர் தங்கி அடைக்கும்.

கண்ட்ராக்டருக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்: விசிறி ஓடும்போது அறையின் தூர மூலையில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை துளைக்குள் இறங்கினால் உறிஞ்சல் அங்கே வரை எட்டுகிறது. இறங்காவிட்டால் நடுவில் தரை உத்தரம் குறுக்கே நிற்கிறது, இன்னொரு குழி வேண்டும். குழியில் நீர் ஊறி நின்றால், ஈயக்குட்டை நிலத்தில் அது சகஜம், இந்த முறையே வேலை செய்யாது. மழைக்காலத்தில் ஒரு முறை தோண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பைப்பில் நீர் நிரப்பிய வளைகுழாய் ஒன்றை மாட்டுங்கள். இரு பக்க நீர்மட்டமும் சமமாக நின்றால் விசிறி செத்துவிட்டது.

லோரோங்3

நன்றி அண்ணே, அக்கா, எல்லாருக்கும். கீழ் அறைக்கு 3 வில்லை கேட்கப் போகிறேன், ஒன்று பிரிக்காமல் வைக்க. வேலை முடிந்தபின் எப்போது மறுபடி அளப்பது?

அளவி77

விசிறியோ பைப்போ ஓட ஆரம்பித்து ஒரு நாள் கழித்து மின்னணுக் கருவி 7 இரவு, முன்பு வைத்த அதே இடம், அதே உயரம். அதோடு புதிய வில்லை 3 மாதம், மறுபடி மழை மாதங்களில். அதன்பின் 2 ஆண்டுக்கு ஒரு முறை. இடையில் கரையானுக்குத் தரையைத் துளைத்தாலோ சமையலறையை நீட்டினாலோ காத்திருக்காமல் உடனே. பிரிக்காத வில்லையின் பையில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள் தம்பி.